தண்ணீர் ஊற்றிய குழி

காலை ஆறேகாலுக்குப் பாலக்கோட்டில் பேருந்து ஏறியதும் கண்ணில் பட்டவள், எதிர் இருக்கையில் அம்மாவுடன் இருந்த ஒரு கல்லூரி மாணவி. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. மடியில் கவிழ்த்து வைத்த கைபேசியை அடிக்கடி திருப்பிப் பார்த்தாள். காரணம் கேட்டேன். சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் தன்னார்வலராம்.

"முட்டை புதைச்ச ஒரு குழியில, நாத்துக்கு ஊத்தற மாதிரி தண்ணி ஊத்திட்டேங்க. அழுகிடும்னு திட்டினாங்க. மத்த குழியெல்லாம் பொரிஞ்சாச்சு, அது மட்டும் பாக்கி."

"நம்ம வூட்டுத் தக்காளி நாத்துக்கு ஒரு நாள் ஊத்தினியாடி?" என்றார் அம்மா.

தருமபுரி நெருங்கும்போது கடற்கரையிலிருந்து வீடியோ வந்தது. அந்தக் குழியின் மணல் அசைந்தது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வந்தன. கைபேசியை அம்மாவிடம் நீட்டினாள்.

"இதுங்க ஆத்தா எங்கடி?"

"முட்டை போட்ட அன்னிக்கே கடலுக்குப் போயிடுச்சும்மா."

இறங்கும்வரை கைபேசி அம்மாவிடமே இருந்தது.