பரிசு ஞாயிறும் பிச்சாவரம் படகும்

எங்கள் சபையின் வாலிபர் முகாமுக்கு இடம் பார்த்து வரச் சொல்லி, ஜூன் மாத வெயிலில் என்னைப் பிச்சாவரத்துக்கு அனுப்பினார்கள். நான் விழுப்புரத்துக்காரன், மின்வாரியத்தில் வேலை. வாலிபர் குழுவில் உறுப்பினர், வயது நாற்பத்தாறு. சிரிக்காதீர்கள், குழுவிலேயே நான்தான் இளையவன்.

ஞாயிறு ஆராதனையில் இளைஞர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். டிரம்ஸ் வாங்கினோம், பெரிய திரை மாட்டினோம். டிரம்ஸ் இப்போது பின்னறையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அடுத்த வைத்தியம்தான் இந்த முகாம். வராமல் நின்றுபோனவர்களில் என் அக்கா மகள் எஸ்தரும் ஒருத்தி. பத்தொன்பது வயது, பி.காம். படிக்கிறாள். போன ஜூனில் நின்றவள்தான், ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. "நீயாவது கூட்டிட்டுப் போயி என்னன்னு கேளுடா" என்று அக்கா அழாத குறையாகச் சொன்னாள். எஸ்தரைக் கேட்டேன். "போட்டிங்குன்னா வரேன் மாமா. கோயிலுக்குன்னா ஆள விடுங்க" என்றாள்.

சனிக்கிழமை மதியம் பேருந்தில் கிளம்பினோம். விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி வழியாகக் கடலூர் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பண்ருட்டியில் ஜன்னலோரம் வந்து பலாச்சுளை விற்கிறார்கள், ஒரு பை முப்பது ரூபாய். வாங்கிவிடுங்கள், கடலூரில் அந்த ருசி இல்லை. இரவு கடலூர் முதுநகரில் என் சித்தி வீட்டில் தங்கினோம். விடுதிச் செலவு மிச்சம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஞாயிறு காலை கோயிலுக்குப் போகாதவர்களுக்குச் சித்தி வீட்டில் இட்லி கிடையாது. எஸ்தர் முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

போன பிறகுதான் தெரிந்தது, அன்று அங்கே பரிசு ஞாயிறு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொதுத்தேர்வு முடிவு வந்ததும் பல சபைகளில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை முன்னால் அழைத்து, கைதட்டிப் பரிசு கொடுப்பார்கள். எங்கள் சபையில் கணக்குக்கான கோப்பை நான் கொடுப்பது. ரயில்வேயில் கலாசித் தொழிலாளியாக இருந்த என் அப்பாவின் நினைவாக. இந்த வருஷத்துக் கோப்பையும் அப்பா பெயர் பொறித்து வீட்டில் தயாராக இருந்தது.

அறிவிப்பைக் கேட்டதும் எஸ்தர் எழுந்தாள். "நான் வெளிய நிக்கறேன் மாமா." நான் தடுக்கவில்லை.

முன்னால் மேசையில் கோப்பை எதுவும் இல்லை. நடுத்தர வயதுப் போதகர் மைக்கைக் கையில் எடுத்தார். "பரீட்ச எழுதின புள்ளைங்க எல்லாரும் வாங்க. பாஸு, பெயிலு எல்லாரும். மார்க்க யாரும் சொல்ல வேணாம். இந்த வருஷம் உங்களுக்கு இன்னா வேணும், அத மட்டும் சொல்லுங்க."

பத்துப் பன்னிரண்டு பேர் போய் நின்றார்கள். ஒரு பையன், "வேல வேணும் ஐயா, எதுனாலும் பரவால்ல" என்றான். ஐஸ் பேக்டரி வைத்திருக்கும் ஒருவர், "நாளைக்கு வந்து என்னப் பாருப்பா" என்று கை தூக்கினார். ஒரு பெண், "கெமிஸ்ட்ரி போயிடுச்சு. யாராவது சொல்லிக் குடுத்தா திரும்ப எழுதுவேன்" என்றாள். அதற்கும் ஒரு கை உயர்ந்தது.

கண்ணாடி போட்ட பையன் ஒருவன் கொஞ்சம் தயங்கினான். "எனக்கு ஒன்னும் வேணாம். எங்கப்பாகிட்ட யாராச்சும் பேசுங்க. எனக்கு இன்ஜினியரிங் வேணாம்."

கோயிலே சிரித்தது. மூன்றாவது வரிசையில் அவன் அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் சிரிக்கவில்லை. "பேசறவங்க யாரு?" என்றார். நாலு பேர் கை தூக்கினார்கள். கடைசியில் அந்த அப்பாவே எழுந்தார். "மொதல்ல நானே பேசறேன்" என்றார். திரும்பிப் பார்த்தேன். எஸ்தர் வெளியே போயிருக்கவில்லை, வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் போதகரைப் பிடித்தேன். "முன்னாடி நாங்களும் கப்பு குடுத்தவங்கதான்" என்றார். "வாங்கின புள்ளைங்க படிக்க வெளியூரு போயிடுதுங்க. வாங்காததுங்க உள்ளூர்லயே இருந்துக்கினு கோயில் பக்கம் வரல. அப்புறம் யாருக்காக அது?" எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முகாம் செலவைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சிதம்பரத்தில் கத்தரிக்காய்க் கொத்சு சாப்பிடாமல் வராதீர்கள், இட்லி ஒரு சாக்குத்தான். அங்கிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர்.

துடுப்புப் படகில் ஏறினோம். "குந்துங்க சார், நடுவுல எந்திரிக்காதீங்க" என்று படகுக்காரர் அதட்டினார். அலையாத்தி மரங்களின் நிழலுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று குறைந்தது.

"அங்க என்னக் கூப்ட்டிருந்தா இன்னா கேட்டிருப்பேன் தெரியுமா மாமா?"

"சொல்லு."

"உங்க கப்ப நிறுத்தச் சொல்லி." தண்ணீரில் கையை அளைந்துகொண்டே சொன்னாள். "போன வருஷம் நான் கணக்குல பெயிலு. நீங்க கப்பு குடுத்தீங்க, நான் குந்திக்கினு கைதட்டினேன். வெளிய வந்தா எல்லாரும் அம்மாகிட்ட, எஸ்தரு எவ்ளோ மார்க்குன்னு கேக்கறாங்க. அம்மா அழுதுச்சு. அதுக்கப்புறம் எப்டி வரச் சொல்றீங்க?"

அவள் கணக்கில் தோற்றதும், துணைத்தேர்வில் தேறியதும் எனக்குத் தெரியும். அவள் வராததற்குச் செல்போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"தாத்தாவே எட்டாங்கிளாஸ் பெயிலுதான மாமா? அவரு பேர்ல குடுக்கற கப்பு அவருக்கே கெடச்சிருக்காது."

படகுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வெட்கம்தான் வந்தது. அப்பாவின் முகம் அன்று முழுக்க என் கூடவே இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியத்தில் படகுத்துறையில் நிற்க முடியாது. தொப்பி, தண்ணீர் அவசியம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. படகுக் கட்டணம் அடிக்கடி மாறுகிறது, கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே விசாரித்துவிடுங்கள். எழுபது பேர் தங்கும் முகாமுக்கு இது சரிப்படாது என்று குழுவில் சொல்லிவிட்டேன்.

அதோடு இன்னொன்றும் சொன்னேன். நிறைய வாக்குவாதம் நடந்தது. அடுத்த ஞாயிறு எங்கள் பரிசு நாளில் கோப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, தேர்வு எழுதிய எல்லாரையும் அழைத்துக் கடலூரில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் முன்னால் தள்ளினார்கள். கடைசியில் ஒரு பையன் தரையைப் பார்த்தபடி, "கணக்கு போயிடுச்சு. சொல்லிக் குடுக்க ஆள் வேணும்" என்றான்.

சபையில் இருக்கும் ஆசிரியர்களைக் கண்ணால் தேடினேன். வாசல் பக்கம் ஒரு கை உயர்ந்தது. எஸ்தர், எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

"நான் சொல்லித் தரேன்" என்றாள். "நான் அத ரெண்டு தடவ படிச்சிருக்கேன்."