முளைப்பாரி இறங்கிய கண்மாயில் மனை அளக்கப் போனது

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் திண்டுக்கல் பக்கம் பிர்கா சர்வேயர், சில ஊர்களுக்குச் சேர்த்து நிலம் அளப்பவன். ஆத்தூருக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவே ஒரு கண்மாய், மழை பொய்த்துப் பல வருஷமாகக் கட்டாந்தரையாகக் கிடந்தது. வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்தக் கண்மாய்க்குள் வீட்டுமனை பிரித்துக் கல் ஊன்ற வேண்டும். நீர்ப்பிடிப்பில் மனை போடச் சட்டத்தில் இடமில்லை. தாசில்தாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"தண்ணியே வராதது என்னய்யா கண்மாய்? பட்டா விழாவுக்குத் தேதி வச்சாச்சு. போய்க் கல்ல ஊண்டு" என்றார்.

போய்ப் பார்த்தால், நான் அளவுச் சங்கிலி பிடிக்க நினைத்திருந்த இடம் நெடுகிலும் முளைப்பாரிச் சட்டிகள். அம்மன் திருவிழாவுக்கு வளர்த்த பயிர், கண்மாய்த் தண்ணீரில்தான் கரைப்பார்கள். தண்ணீர் இல்லாததால் வெறும் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். பின்னால் அந்தக் கண்மாய்ப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள் கம்போடு நின்றார்கள். முன்னால் வெள்ளத்தாயி. மல்லிகைத் தோட்டக்காரி, பூ வியாபாரமும் அவர் கையில்தான், ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"இத எப்பம்மா எடுப்பீங்க?" என்றேன்.

"கண்மாய் நெறையட்டும், கரைச்சிட்டுப் போறோம். அதுவரைக்கும் இங்கனதான் இருக்கும். ஏலும்னா தாண்டிப் போங்க."

என்னோடு சங்கிலி பிடிக்க வந்த செயின்மேன் அந்தோணியைப் பார்த்தேன். மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறாத மனுஷன். அவர் அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "சார், சாமிக்கு வளத்த பயிரு. என்னால தாண்ட ஏலாது. மெமோ குடுத்தாலும் வாங்கிக்கிறேன்."

உள்ளதைச் சொன்னால் என் காலும் நகரவில்லை.

எதிர்ப்பக்கம் மனைக்கு வந்தவர்கள் திரண்டிருந்தார்கள். அதில் இளவட்டங்கள் சிலர் குனிந்து கல் பொறுக்க ஆரம்பித்தார்கள். கைக்குழந்தையோடு பாண்டியம்மா முன்னால் வந்தார். வெள்ளத்தாயியின் தோட்டத்தில் தினமும் பூப்பறிப்பவர்தான்.

"சாமிய வச்சு எங்கள வெரட்டுறீகளாக்கா? குடிசைய இடிக்கப் போறோம்னு நோட்டீஸ் ஒட்டிட்டாக. நாங்க எங்கிட்டுப் போக?"

"ஒனக்கு வீடு வேணாம்னா சொன்னேன்? கண்மாய் போச்சுன்னா இனி மழை பேஞ்சாலும் தண்ணி நிக்காது, இருக்கிற கெணறும் வத்திரும். அப்புறம் பூ ஏது, ஒனக்கு வேலை ஏது?"

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயம் கூடியது. யாராவது ஒருவர் முதல் கல்லை எறிந்தால் அங்கே தலைகள் உடையும், போலீஸ் வரும், குடிசைக்காரர்கள்தான் முதலில் உள்ளே போவார்கள்.

கண்மாய்க்கு மேற்கே மேட்டில் கதிரடிக்கும் அரசாங்கக் களம் ஒன்று இருந்தது. வெள்ளத்தாயி வீட்டார் அதை வளைத்துப் போட்டு மல்லிகை வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும், வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. அத்தனை கம்புக்கு முன்னால் அதை நான் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ஆத்தா, மேட்டுல இருக்கிற களம் பொறம்போக்கு. தண்ணி ஏறாத எடம். இவங்க அம்புட்டுப் பேருக்கும் அதுல மனை வரும்."

அவர் மகன் கம்பை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"ஏலே, கம்பக் கீழ போடு" என்றார் வெள்ளத்தாயி. "அவரு பொய்யா சொல்றாரு?" பாண்டியம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "செடி மொட்டு விட்டிருக்கு. இந்தப் பூவ எடுத்துக்கிறேன். பெறகு வந்து அளங்க" என்றார்.

தாசில்தார் என்னைக் காய்ச்சி எடுத்தார். விழா தள்ளிப்போனது, மேடு மனையானது. சர்வேக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஓரிடத்தில் அளக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எங்கே அளக்கலாம் என்பதையும் தேடி வைத்துக்கொண்டு போங்கள், அது பெரிய வீட்டுத் தோட்டமாகவே இருந்தாலும்.

மேட்டை அளந்த அன்று வெள்ளத்தாயி என் முகத்தைப் பார்க்கவில்லை. பாண்டியம்மாவின் மனைக்கு நான்காவது கல் ஊன்றியபோது மட்டும் பக்கத்தில் வந்தார். உள்ளே நின்ற செடிகளைப் பிடுங்க அந்தோணி குனிந்தார். வெள்ளத்தாயி அவர் கையைத் தட்டிவிட்டு, பாண்டியம்மாவிடம் சொன்னார்:

"இந்தச் செடிய நீயே வச்சுக்க. பூவ மட்டும் வேற ஏவாரிக்குப் போட்ட, தொலைச்சுப்புடுவேன்."