நான் கொடுத்த புகார்

கடத்தலைத் தடுக்கும் காபிபோசா சட்டத்தில் பிடித்து வைக்கப்பட்டவருக்காக, அந்த உத்தரவு சரிதானா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவின் முன் வக்கீல் பேச முடியாது. வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் வரலாம். என் தங்கை புருஷனுக்காக அப்படிச் சென்னைக்குப் போன நண்பர் நான். நானும் அவனும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கடலாடிப் பக்கம் எங்கள் மிளகாய்க் கொல்லைகளுக்கு நடுவே ஒரே வரப்பு. சண்டை அதில்தான். விவசாயம் போக, மண்டபம் மீன்பிடித் துறைக்கு ஐஸ் ஏற்ற ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியும் வைத்திருந்தான். அந்த வண்டியில் இலங்கைத் தங்கத்தை ஏற்றினான் என்று பிடித்தார்கள். ஜாமீன் கிடைக்கவிருந்த சமயத்தில், விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் உள்ளே வைக்க உத்தரவு வந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

தங்கை உத்தரவைக் கொண்டுவந்து காட்டினாள்.

"தங்கம் ஏத்துன நாளையும் நேரத்தையும் பாருண்ணே. அன்னைக்கி சாயங்காலம் பூரா ஒன்கூட ஸ்டேசன்லதான இருந்தாக? வண்டிய வாடகைக்கு விட்டிருந்தாக. அந்தப் புகார் ரசீதக் குடுண்ணே."

உண்மைதான். வரப்பை வெட்டிவிட்டான் என்று நான் கொடுத்த புகாருக்காக ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை இருவரும் காவல் நிலைய பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"தேடிப் பாக்குறேன்" என்றேன். இருவரையும் விசாரித்த நேரம் போட்ட ரசீது பீரோவில், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. பத்து நாள் அதை எடுக்கவில்லை. அந்தப் பத்து நாளும் என் மோட்டார் ஓடியது. வரப்புக்கு அந்தப் பக்கம், மழையும் ஓய்ந்து, இறைக்க ஆளில்லாமல் அவன் செடிகள் காய்ந்தன. பத்தாம் நாள் சாயங்காலம் தங்கை குடத்தில் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு செடியாக ஊற்றுவதைப் பார்த்தேன். என் மோட்டாரை அவள் கேட்கவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குழாயை வரப்பைத் தாண்டிப் போட்டுவிட்டு, ரசீதை எடுத்துக் கொடுத்தேன்.

குழுவில் மூன்று பேர். போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிவந்தார்கள். இளைத்திருந்தான்.

"இவர் உங்க நண்பரா?" என்று நடுவில் இருந்தவர் அவனைக் கேட்டார்.

"மச்சான்யா. எங்க ரெண்டு பேருக்கும் ஆகாது."

காரியத்தைக் கெடுத்துவிட்டானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆகாதவருக்காக நீங்க ஏன் வந்தீங்க?"

தங்கை வைத்த வக்கீல் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துபோனது. "ஆகாததுனாலதான்யா புகார் குடுத்தேன். அதனாலதான் அவன் அந்நேரம் அங்கன இருந்தது எனக்குத் தெரியும்" என்று ரசீதை நீட்டினேன்.

ரசீது மூன்று பேர் கைக்கும் போனது. போகலாம் என்றார்கள்.

தாழ்வாரத்தில் அவனைத் திருப்பி அழைத்துப் போகும்போது ஆறு வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினான். "மொளகாய்க்குத் தண்ணி பாயுதா மச்சான்?"

"பாயுது" என்றேன்.

மூன்று வாரத்தில் உத்தரவு ரத்தாகி, ஜாமீனும் கிடைத்தது. வந்தவன் நேரே கொல்லைக்குப் போனான். பாதிச் செடிதான் பிழைத்திருந்தது. பட்டுப்போன ஒன்றைப் பிடுங்கி, வேரை ஒடித்துப் பார்த்தான். தழைத்து நின்ற செடியில் புதுக்கிளை வெடித்திருந்த இடத்தை விரலால் தடவினான்.

"நடுவுல ஒரு பத்து நாளு காயப் போட்டிருக்கீக மச்சான்" என்றான்.

அதே பத்து நாள் ரசீதும் என் பீரோவில் கிடந்தது அவனுக்குத் தெரியாது. ஆமாம், பத்து நாள்தான் என்றேன்.