கடைசி இரண்டு எழுத்து

ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தும் திலகவதி தறியில் உட்காரவில்லை. தொண்ணூறுகளில் டைப்ரைட்டிங் படித்தாள். பிறகு கம்ப்யூட்டர் கற்று, பஸ் ஸ்டாண்டு அருகே டிடிபி கடை போட்டாள்.

2004இல், ரத்ததானக் குழு நடத்திய ஜெயச்சந்திரன் கொடையாளர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித்தரச் சொன்னார். ஊர்ப்பெயருக்கு மூன்று எழுத்து, அதோடு ரத்த வகையை ஒட்டி ஆளுக்கொரு குறியீடு வைத்தாள். களம்பூர் ஏபி நெகடிவ் என்றால் KLMAB-. வகையைத் தேட, குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்தை வெட்டியெடுக்கும்படி குவரி என்கிற தேடல் கட்டளை எழுதினாள். O+, B- எல்லாம் சரியாகவே வந்தன.

ஒருநாள் மதியம் ஜெயச்சந்திரன் போனில் பதறினார்.

"நர்சிங் ஹோம்ல பிரசவ கேஸும்மா, ரத்தம் நிக்கல. பி நெகடிவ் வேணும், ஜல்தி பாரு!"

முதலில் வந்த பெயரைச் சொன்னாள். களம்பூர் தணிகாசலம், அவளுடைய பெரியம்மா மகன். போனை வைத்து அரைமணி கழித்துத்தான் உறைத்தது. தணிகாசலம் ஏபி ஆயிற்றே! ஏபி என்று தேடிப் பார்த்தாள். ஒருவர்கூட இல்லை. AB-இல் கடைசி இரண்டை வெட்டினால் B- தானே வரும்?

ஜெயச்சந்திரன் போனை எடுக்கவில்லை. கடையைப் பூட்டி ஆட்டோ பிடித்தாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் உடம்பில் தப்பான ரத்தம் இறங்குவதாகவே வழியெல்லாம் தோன்றியது.

நர்சிங் ஹோம் வாசலில் தணிகாசலம் கையில் பஞ்சை அழுத்தியபடி நின்றிருந்தான்.

"ரத்தம் எடுத்துட்டாங்களாண்ணா?"

"இப்பதான் உள்ள எடுத்துகினு போனாங்க."

அவள் பரிசோதனை அறைக்குள் ஓடினாள். அந்த ரத்தத்தை ஏற்ற வேண்டாமென்று கத்தினாள்.

"சோதிக்காம ஏத்துவோமா? அது சாம்பிள்தான். இவரு ஏபி, ஆகாது" என்றார் அங்கே ரத்தம் சோதிக்கும் கிருஷ்ணம்மாள். "ஆனா வேற ஆளு எங்கம்மா? அந்தப் பொண்ணு தாங்காது."

போன உயிர் திரும்பிய வேகத்தில் மறுபடி பதறியது. கடைக்கு ஓடினாள். முன்னாலிருக்கும் ஊர் எழுத்து மூன்றையும் தள்ளிவிட்டு மிச்சம் முழுவதையும் எடுக்கும்படி குவரியை மாற்றினாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அடித்தாள். ஆரணியிலேயே ஒருவர் கிடைத்தார், பவர்லூம் ஓட்டும் ஹேமநாத். அவள் போன் போட்டதும் தறியை நிறுத்திவிட்டு அப்படியே நர்சிங் ஹோமுக்கு ஓடினார்.

இருட்டுவதற்குள் தாயும் பிள்ளையும் தப்பித்த சேதி வந்தது.

திலகவதி நடந்ததைச் சொன்னபோது, "யாருக்கும் ஒண்ணும் ஆவல, வுடும்மா" என்றார் ஜெயச்சந்திரன். அவளால் விட முடியவில்லை. மறுநாள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, "உங்க ரத்தம் என்ன வகைங்க?" என்று கேட்டாள். வந்த பதிலைத் தான் ஏற்றியிருந்த குறியீட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தாள்.