நாலாம் நம்பர் மைக்

கல்யாண மண்டபத்தில் சவுண்ட் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒருத்தரும் காபி கொடுக்க மாட்டார்கள். "பேஸ் ஏத்துப்பா" என்று சொல்ல மட்டும் ஊரே கிளம்பி வரும். ஆறு நாள் ஓசூரில் கம்பெனி ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை இசைக்குழுவுக்கு சவுண்ட். அந்த ஞாயிறுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன். காரணம், நாலாம் நம்பர் மைக்.

அதில் பாடியவள் ஓசூர் பக்கத்துத் தளி ஊர்க்காரி. வீட்டில் கன்னடம், மேடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும். குழுவில் எல்லோரையும் அண்ணா என்பாள், என்னை மட்டும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஏன் என்று கேட்க இரண்டு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை.

மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வரிசை. அடியில் இருக்கும் ஃபேடரை இறக்கிவிட்டால் மண்டபத்துக்கு ஒன்றும் கேட்காது. அதற்கு மேலே ஒரு சின்ன பட்டன். அதை அழுத்தினால் என் ஹெட்போனுக்கு மட்டும் கேட்கும். அது அவளுக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் மூடிய மைக்கில், "சாப்டீங்களா? கண்ணெல்லாம் செவந்திருக்கே, தூங்கலயா?" என்பாள். நான் தலையாட்டுவேன். அத்தனை கூட்டத்தில் எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு பேச்சு. அடடா, என்ன சுகம் அது!

ஜூஜுவாடியில் ஒரு காதுகுத்து. மத்தியானப் பந்தி நேரம், பாட்டு நின்றிருந்தது, மைக்கெல்லாம் மூடியிருந்தேன். குழந்தையின் தாய்மாமன் வந்து, "இன்னாப்பா சவுண்டு இது, பேஸே இல்ல" என்று ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஹெட்போனைக் கழற்றி வைத்து அவரோடு மல்லுக்கு நின்றேன். நிமிர்ந்தால், மேடையில் அவள் மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்து ஏதோ பேசுகிறாள். சவுண்ட் சரியா என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, வழக்கம்போல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. மாண்டியாவில் மாப்பிள்ளை, நிச்சயமாகிவிட்டது என்றார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவள்மேல் கோபம்கூட வந்தது. கோபம் எத்தனை நாளைக்கு? பிறகு ஏக்கம்தான் மிச்சம். அவள் குரலையாவது கேட்கலாம் என்று காதுகுத்துப் பதிவைத் திறந்தேன். ஃபேடரை மூடினாலும் மைக்கில் பேசியது அத்தனையும் தனித்தனியாக லேப்டாப்பில் ஏறிவிடும். பாவி எனக்கு அது அன்றுவரை ஞாபகமே வரவில்லை.

"வெள்ளிக்கெழம என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க. எனக்கு இஷ்டமில்ல. நீங்களே சொல்லுங்க, சரின்னு சொல்லிடட்டா?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் வெறும் பந்திச் சத்தம். அங்கேதான் நான் கட்டை விரலைத் தூக்கியிருக்கிறேன்.

அப்புறம் மெதுவாக, "சரிங்க."