அண்ணனை நடவுக்கு அழைக்காதவர்களுக்கு

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் 'மாரடைப்பால்' என்று அச்சிடச் சொன்னார்கள் உறவினர் சிலர். நான் மறுத்துவிட்டேன். எங்கள் அண்ணன் மனச்சோர்வு நோயில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இந்த ஓராண்டில் துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் பொய் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது.

சீவலப்பேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா காலமானதும் பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்த படிப்பை விட்டுவிட்டு வயலில் இறங்கினார். என்னை ஆசிரியை ஆக்கியது அந்த வயல்தான். ஊரில் யாருக்கு நடவு என்றாலும், ஜெபம் முடிந்ததும் முதல் நாற்று முடியைப் பிரித்து நடுவது அண்ணன் கைதான். கைராசிக்காரர் என்று பெயர். அன்றைக்கு வெளுத்த வேட்டிதான் கட்டுவார். "சேத்துல இறங்கப்போற ஆளுக்கு இஸ்திரி போட்ட வேட்டி கேக்குதோ!" என்று அண்ணன் மனைவி, எங்கள் மதினி, கேலி செய்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே போவார். அந்த அழைப்புதான் அவருக்குப் பெருமை, வேறு பெருமை எதையும் அவர் தேடியதில்லை.

ஒரு பிசான நெல் பருவத்தில் ஆற்று வெள்ளம் பயிரைக் கதிரோடு வாரிக்கொண்டு போனது. அடுத்த பிசானத்தில் மடைக்குத் தண்ணீரே வரவில்லை. அண்ணனுக்கு உறக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. "உள்ளுக்குள்ள எல்லாம் வத்திப் போச்சு, ஏட்டி" என்றார் என்னிடம். கிராமச் செவிலியர்தான் அது நோய் என்று கண்டுகொண்டு, அண்ணனையும் மதினியையும் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். மாத்திரை வேலை செய்தது. மெல்லப் பேசினார், சாப்பிட்டார், மம்பட்டியைத் தோளில் போட்டார். நாங்கள் ஸ்தோத்திரம் சொன்னோம்.

அதற்குப் பிறகுதான் ஊர் தன் வேலையைக் காட்டியது. நடவு தொடங்கியது. அண்ணன் வெளுத்த வேட்டி கட்டிக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. "மூளைக்கு மாத்திரை திங்குத கை. இந்த வருசம் வேற ஆள வச்சு நட்டுக்கிடுவோம்" என்று அடுத்த வயல்காரர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சித்தப்பாவோ அண்ணனை வீடு தேடி வந்து உபதேசம் செய்தார்: "ஏலே, மாத்திரையத் தூரப் போட்டுட்டு முழங்கால்ல நில்லு. விசுவாசம் இருந்தா எல்லாம் சரியாப் போவும்."

சித்தப்பா, உங்கள் சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை இருக்கிறதே, அதை எப்போது தூரப் போடப் போகிறீர்கள்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அண்ணன் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். மதினி கண்டுபிடித்துச் சண்டை போட்டபோது, "திங்கலன்னு தெரிஞ்சா கூப்பிடுவாவ, பாரு" என்றார். கூப்பிடவில்லை. நோய் திரும்ப வந்தது. இம்முறை மருத்துவரிடம் வர அவர் இசையவில்லை.

அடக்க ஆராதனைக்கு ஊரே திரண்டது. 'தங்கமான மனுசன்' என்று அழுதீர்கள். அந்த வாயால் ஒருவராவது நடவுக்கு அழைத்திருக்கலாமே! அழைத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும்.

கிராமச் செவிலியருக்கும் மருத்துவருக்கும் எங்கள் நன்றி. உபதேசம் எதுவும் சொல்லாமல், அண்ணன் அருகில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்த டீக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. கடைசிவரை மல்லுக்கட்டிய மதினிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் உறக்கமின்றி ஒடுங்கிக் கிடந்தால், தயவுசெய்து மறைக்காதீர்கள். செவிலியரிடம் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வருகிற பிசானத்தில் மதினியும் நானும் பயிர் வைக்கிறோம். அண்ணன் போன பிறகு அதே நோய் எனக்கும் வந்தது. அதே மருத்துவரிடம் போகிறேன், அவர் தருகிற மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். எங்கள் வயலில் முதல் நாற்று முடியை நான்தான் நடப்போகிறேன். உங்கள் வயலுக்கும் கூப்பிடுங்கள். வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வருகிறேன்.

தங்கை