ஒரு ஸ்டீல் குழாய்க்காக

பீர் காய்ச்ச ஒரு கரண்ட் பாத்திரம் வாங்குவதற்காக ஜித்தாவில் ஒன்றரை மாதம் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் குடிப்பவன் இல்லை. அது என் மச்சினனுக்காக.

மனைவியின் தம்பி அவன். முப்பத்து நாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள். விழுப்புரத்துக்குப் பக்கத்திலிருந்து விசா எடுத்து அவனை அங்கே கூட்டிப்போனவன் நான். நான் ஏசி மெக்கானிக், அவனுக்குச் சாரம் கட்டும் வேலை. கேம்ப்பில் ஒரே ரூம், ஒரே அடுக்குக் கட்டில். மேலே நான், கீழே அவன்.

வியாழக்கிழமை டூட்டி முடிந்தால் அவனுக்குக் குடிக்க வேண்டும். அந்த ஊரில் கடையில் கிடைக்காது. கேம்ப் சுவருக்கு வெளியே ஒருவன் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருவான். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. அந்த வருடம் பக்கத்து கேம்ப்பில் அப்படி ஒரு பாட்டிலைக் குடித்தவன் பெட்டியில் ஊர் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகும் இவன் வாங்கினான்.

"நாப்பது டிகிரி வெயில்ல கம்பி மேல நிக்கறவன் நானு. நீ ஏசி ரிப்பேர் பண்றேன்னு உள்ள போயி உக்காந்துக்கற. உனக்கு இன்னா தெரியும் மாமா?" என்பான்.

வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் ஒரு நாள் ஏசி பார்க்கப் போனேன். அந்த வீட்டு இன்ஜினியர் சமையலறையில் உயரமான ஸ்டீல் பாத்திரம் ஒன்றை வைத்திருந்தார். அடியில் ஹீட்டர், பக்கத்தில் குழாய், முன்னால் 66 என்று சிவப்பு எண். குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சும்போது வருமே, அந்த வாசனை. மாஷ் கெட்டில் என்றார். முளைவிட்டுக் காயவைத்த பார்லியை உடைத்துப் போட்டு, அறுபத்தைந்து டிகிரியை ஒட்டி ஒரு மணி நேரம் சூடு ஏறாமல் இறங்காமல் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் இனிப்பு இறங்கும். கொதித்துவிட்டால் வீண். குடித்தால் கண் போகும் என்கிறார்களே, அப்படி ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். இது வெறும் பீர், தெருவில் பாட்டிலில் விற்கிறார்களே, அதில்தான் விஷம் என்றார்.

மாட்டினால் ஜெயில் என்று தெரியும். அந்தப் பாட்டிலைவிட ஜெயில் மேல் என்று நினைத்தேன். மச்சினனிடம் பேசினேன்.

"நானே காய்ச்சித் தரேன். அதுவரைக்கும் அவன்கிட்ட வாங்கக் கூடாது."

"எவ்ளோ நாளு?"

"பாத்திரம் வாங்கற வரைக்கும்."

"வாங்கு மாமா, சீக்கிரம் வாங்கு. நான் தொடல, போதுமா?"

தொடவில்லை. ஒரு வியாழன் போனது, இரண்டு போனது. சாயங்காலமானால் கேம்ப்பைச் சுற்றிச் சுற்றி நடப்பான். வாயில் சூயிங்கம். நான் பார்லியை ஈரத் துண்டில் முளைகட்டி, ஏசியின் அவுட்டோர் யூனிட் முன்னால் தட்டில் பரப்பி, அந்தச் சூட்டுக் காற்றிலேயே காயவைத்தேன். எல்லாம் தயார். பாத்திரம்தான் இல்லை.

ஷரஃபியாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மச்சினனையும் கூட்டிப்போனேன். கடைக்காரர் கீழக்கரைக்காரர். கஞ்சி காய்ச்ச என்று சொன்னோம்.

"நோன்புக் கஞ்சிக்கா தம்பி? நல்ல காரியமாச்சே!" என்று அவர் எழுந்தே வந்துவிட்டார். வெட்கமாக இருந்தது.

அவரிடம் மூன்று இருந்தன. ஒன்று சாதாரண டீ பாய்லர். கொதிக்கும், பிறகு தொண்ணூறில் நிற்கும். நமக்கு ஆகாது. அடுத்தது முப்பது லிட்டர், டிஜிட்டல், அந்த இன்ஜினியர் வீட்டில் பார்த்தது மாதிரி. ஆனால் மூவாயிரம் வாட். எங்கள் ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் சேர்த்து ஒரே பிரேக்கர். ஏசி ஓடும்போது இதைப் போட்டால் டப்பென்று விழும், கேம்ப் பாஸ் ஓடி வருவான். ரூமில் அடுப்பு மாஃபி, கூடவே கூடாது, டீ கெட்டில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவன் சட்டம். மூன்றாவது பதினைந்து லிட்டர், ஆயிரத்து ஐந்நூறு வாட். திருகினால் முப்பதிலிருந்து நூறு வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பார்க்க டீ பாய்லர் மாதிரியே இருக்கும். எங்களுக்காகவே செய்ததுபோல் இருந்தது.

குழாய் மட்டும் பிளாஸ்டிக்.

நான் திருகிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். சூட்டில் இளகும், வாஷர் போகும் என்றேன்.

"இன்னா மாமா, பொண்ணா பாக்க வந்த? வாங்கு, போலாம்" என்றான் மச்சினன்.

"ஸ்டீல் குழாய் வச்சதும் இதே கம்பெனியில இருக்கு தம்பி. ரெண்டு வாரத்துல கன்டெய்னர் வரும். எடுத்து வைக்கட்டா?" என்றார் பாய்.

"எடுத்து வைங்க" என்றேன்.

இருபது வருடம் மெக்கானிக்காக இருந்த திமிர் அது. அரைகுறைப் பொருளை என் கையால் வாங்க மாட்டேனாம். பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு தடவை, "பிளாஸ்டிக்கா இருந்தா இன்னா மாமா" என்றான். நான் கன்டெய்னர் வரும் தேதியை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் மூன்றானது. கன்டெய்னர் வரவில்லை. அந்த வியாழன் எனக்கு ஓவர்டைம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திரை திறந்திருந்தது, வெயில் அவன் கட்டில் வரை வந்திருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"மாமா, இன்னா லைட்டு போடலையா?"

மடித்த துணியோடு அவன் பக்கம் திரும்பினேன்.

"ஒரே பொகையா இருக்குது மாமா. யாரு இன்னா கொளுத்தனாங்க?"

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டில் காலியாகக் கிடந்தது.

உயிரை ஆஸ்பத்திரியில் பிடித்து நிறுத்தினார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்றாம் நாள் அந்த வராண்டாவில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. பாத்திரக் கடை பாய்.

"தம்பி, உங்க கஞ்சிப் பாத்திரம் வந்துடுச்சு. ஸ்டீல் குழாய். முதல் பெட்டியைப் பிரிச்சு உங்களுக்குன்னு வச்சிருக்கேன்."

"வேண்டாம் பாய்."

"ஏன் தம்பி? நீங்கதானே கேட்டீங்க?"

போனை வைத்துவிட்டேன். அந்த மனிதர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன். பாட்டில் விற்றவன் அந்த வாரமே வேறு கேம்ப்புக்கு மாறிவிட்டான். அவனைப் பிடிக்க யாரும் போகவில்லை. மச்சினனைத்தான் போலீஸ்காரர்கள் குற்றவாளிபோல் விசாரித்துவிட்டு ஒருவழி டிக்கெட்டில் ஊருக்கு ஏற்றினார்கள்.

திரும்ப டூட்டிக்குப் போன முதல் நாள், டீ டைமுக்கு சைட்டில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கப்பைப் பிடித்து டீ பாய்லரின் குழாயைத் தள்ளினேன். பிளாஸ்டிக் குழாய். அத்தனை வருடமும் அதே பாய்லர்தான், அதே கறுப்புக் குழாய்தான். கொதிக்கக் கொதிக்க தினம் இரண்டு டீ அதிலிருந்துதான் குடித்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் நின்றவன், "யல்லா பாய், ஜல்தி" என்று தள்ளினான். கப்பை அப்படியே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் அவனைப் பார்க்கப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பெரிய பெண் அவன் கையில் டீ கிளாஸைக் கொடுத்து, விரலை மடக்கிவிட்டுப் போனாள். நான் திண்ணையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசினோம்.

"அந்த ஸ்டீல் கொழா வந்துச்சா மாமா?" என்று அவனே கேட்டான்.

"வந்துச்சு. நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"வாங்கனியா?"

"இல்லடா. அந்த பிளாஸ்டிக்கே போதும்டா. அன்னிக்கே வாங்கியிருக்கணும்."

அவன் சிரித்தான். "அதத்தான நான் அன்னிக்கே சொன்னேன். எங்க, நீ கேட்டாத்தான?"

சிரித்த முகத்தை எனக்கு வலப்பக்கம், காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்து வைத்திருந்தான். நான் அந்தப் பக்கம் இருப்பதாக நினைத்திருக்கிறான். நான் சத்தம் போடாமல் எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.